மாதக் கட்டணச் சிலிப்பும் மூடிலும்: பிளகினா, வெளிச் சேவையா, மூலக் கோட்டில் கைவைப்பதா?

கொழும்பில் மூடிலைச் (பாடங்களை இணையத்தில் நடத்த உதவும் இலவச மென்பொருள்) சொந்தமாக நிறுவி வைத்திருக்கும் ரியூஷன் நிலையங்களிடம் இருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று இருக்கிறது. பெற்றோர் மாதக் கட்டணத்தை வங்கியில் கட்டிவிட்டுச் சிலிப்பைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அலுவலகத்தில் இருப்பவர் அந்தப் படத்தைப் பார்த்து, எந்தப் பிள்ளை, எந்தப் பாடம் என்று கண்டுபிடித்து, மூடிலைத் திறந்து அந்தப் பிள்ளையைச் சேர்க்கிறார், கட்டாதவரை நீக்குகிறார். மாதத்தின் முதல் வாரம் முழுக்க இதே வேலைதான். உயர்தரப் பரீட்சை நெருங்கும் நேரத்தில் கட்டணம் கட்டிய பிள்ளை பாடத்துக்குள் போக முடியாமல் இரவில் ஆசிரியருக்குக் கோல் எடுக்க வேண்டி வருவது சின்ன விஷயம் இல்லை. இதை மூடிலுக்குள்ளேயே செய்ய முடியாதா என்று கேட்கிறார்கள்.

முடியும், அதற்கு நாலு வழி இருக்கிறது: மூலக் கோட்டையே, அதாவது மூடிலின் சொந்த நிரலையே மாற்றுவது, வேறு யாராவது எழுதிய பிளகினை (மூடிலோடு பொருத்தும் கூடுதல் நிரல்) எடுத்துப் போடுவது, நாமே பிளகின் எழுதுவது, மூடிலுக்கு வெளியே ஒரு சின்னச் சேவையை ஓடவிட்டு ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வாசல்) வழியாகப் பேசவைப்பது. எழுதத் தெரிந்தவரிடம் போனால் எது இன்றைக்குச் சீக்கிரம் முடியும் என்று பார்த்துத்தான் பதில் சொல்வார். நான் முதலில் பார்ப்பது வேறு. இதை எழுதியவர் அடுத்த வருடம் மெல்பேர்னுக்கோ டொரொன்டோவுக்கோ போய்விட்டால், மூடிலுக்கு அப்டேட் போடப்போவது யார், அவருக்கு எவ்வளவு தெரியும்? கீழே சொல்கிற எல்லாமே இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

சொந்தச் சேர்வருக்கு ஏன் வந்தோம் என்பதையும் மறக்கக் கூடாது. 2022 மார்ச்சில் 200 ரூபாய்ப் பக்கம் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 350ஐத் தாண்டியது, ஆளுக்கு இவ்வளவு என்று டொலரில் பில் வரும் சேவைகளை வைத்திருந்தவர்களுக்குக் கணக்கு அப்படியே உடைந்தது. இலவச மென்பொருளைச் சொந்தமாக ஓட்டினால் அந்தச் சுமை குறைகிறது, உண்மைதான். ஆனால் அப்டேட், பேக்கப், பாதுகாப்பு எல்லாம் நம் தலையில் வருகிறது. பிளகின் முடிவு இந்தச் சுமையைக் குறைக்க வேண்டும், கூட்டக் கூடாது.

மூலக் கோட்டை மாற்றுவதை முதலில் முடித்துவிடுவோம். பாடத்துக்குள் நுழையும் பக்கத்தின் பிஎச்பி (மூடில் எழுதப்பட்ட நிரல் மொழி) கோப்பில் பத்து வரி எழுதினால் வேலை நடந்துவிடும், ஒரு நாளில் முடிந்துவிடும், அதனாலேயே பலருக்கு ஆசை வருகிறது. மூடில் வருடத்துக்கு இரண்டு பெரிய வெளியீடு விடுகிறது, இடையில் பாதுகாப்புத் திருத்தங்களும் வருகின்றன. ஒவ்வொரு முறையும் அந்தப் பத்து வரியைப் புதிய கோட்டோடு பொருத்த வேண்டும். கிட் (நிரல் மாற்றங்களை ஒன்றிணைக்கும் கருவி) தெரிந்தவர் இருந்தால் முரண்பாடுகளைத் தீர்ப்பார். இல்லாவிட்டால் புதிய பதிப்பின் சிப் கோப்பைப் பழையதன் மேலே விரித்துவிடுவார்கள், அந்தப் பத்து வரி சத்தமில்லாமல் காணாமல் போகும். அதைவிட மோசம், அந்தப் பத்து வரி போய்விடுமே என்ற பயத்தில் அப்டேட்டே போடாமல் விடுவது. பாதுகாப்பு ஓட்டை தெரிந்தும் மூடாத ஒரு தளத்தில் பிள்ளைகளின் விபரம் கிடக்கிறது. இந்த வழி வேண்டாம், எந்த நிலைமையிலும் வேண்டாம்.

அடுத்தது, இருக்கிற பிளகினை எடுப்பது. மூடிலின் பிளகின் களஞ்சியத்தில் ஆயிரத்துக்கும் மேல் கிடக்கின்றன, எழுதத் தொடங்கும் முன் அங்கே தேடாமல் விடுவது நேர வீண். ஆனால் எடுத்துப் போடுவதற்கு முன் கொஞ்சம் உள்ளே பார்க்க வேண்டும். கடைசி வெளியீடு எப்போது, நீங்கள் வைத்திருக்கும் மூடில் பதிப்புக்கு ஆதரவு சொல்லியிருக்கிறார்களா, தனியுரிமைக்கான பிரைவசி ஏபிஐ வகுப்பு உள்ளே இருக்கிறதா, தரவுத்தளத்தோடு மூடிலின் சொந்த வழியில் பேசுகிறதா அல்லது தரவுத்தளக் கட்டளைகளான எஸ்கியூஎல் வரிகளை நேரடியாக ஒட்டி ஒட்டி எழுதியிருக்கிறார்களா. மூடில் 4.5க்குக் குறைந்தது பிஎச்பி 8.1 வேண்டும், 5.0க்கு 8.2. பிஎச்பி 7 காலத்தில் எழுதிக் கைவிட்ட பிளகின்கள் இந்த இடத்தில்தான் விழுகின்றன. 4.4இல் பல பழைய கால்பேக்குகள் (மூடில் தானே அழைக்கும் பிளகின் ஃபங்ஷன்கள்) அதே வேலைக்கான புதிய ஹூக் முறைக்கு நகர்ந்தன, அதுவும் சேர்ந்துகொள்கிறது. பிறர் எழுதிய பிளகின் என்றால் அதைப் பராமரிப்பவர் வேறொருவர் என்று நினைக்கிறோம், கைவிடப்பட்ட பிளகினை நிறுவிய நாளில் இருந்து அதைப் பராமரிப்பவர் நீங்கள்தான். நம் ஊர் வங்கிச் சிலிப் நடைமுறைக்கு அப்படியே பொருந்தும் ஒன்று கிடைப்பதும் அருமை. வெளிநாட்டில் எழுதுகிறவர்களுக்குக் கட்டணம் என்றால் கார்ட், சிலிப்பைப் படம் எடுத்து அனுப்பும் பழக்கம் அவர்கள் கண்ணில் படாத ஒன்று.

சரி, நாமே எழுதுவதற்கு வருவோம், உண்மையான தெரிவு இங்கேதான் இருக்கிறது.

மூடிலில் பிளகின் என்பது ஒரே வகை இல்லை. செயற்பாடு, பிளொக், அறிக்கை, உள்நுழைவு, சேர்ப்பு, லோக்கல் என்று வகை வகையாகப் பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர். நம் வேலைக்குச் சரியானது, பிள்ளையைப் பாடத்தில் சேர்ப்பதற்கான சேர்ப்பு வகை. ஆனால் பலர் எதுவும் செய்யலாம் என்பதால் லோக்கல் வகையில் தொடங்கிவிடுகிறார்கள், பிறகு மூடில் ஏற்கெனவே செய்துவைத்திருப்பதைத் தாங்களே மறுபடி எழுதிக்கொண்டு இருக்கிறார்கள். ஒரு பிள்ளை எந்த வழியாகப் பாடத்துக்குள் வந்தது என்பதை மூடில் தனித்தனியாகக் குறித்துவைக்கிறது. உங்கள் சேர்ப்புப் பிளகின் வழியாக வந்த பதிவு உங்களுடையது, ஆசிரியர் கையால் சேர்த்த பதிவு வேறு, ஒன்றை ஒன்று தொடாது. ஒவ்வொரு பதிவுக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இருக்கிறது. மாதக் கட்டணத்துக்கு இதைவிடப் பொருத்தமாக வேறெதுவும் வேண்டாம்: சிலிப்பை அலுவலகம் ஏற்றுக்கொண்டதும் முடிவுத் தேதி அடுத்த மாதத்துக்கு நகர்கிறது, அந்தத் தேதி கடந்ததும் பிள்ளை தானாகவே உள்ளே வர முடியாது, யாரும் உட்கார்ந்து பெயர் பெயராக நீக்கத் தேவையில்லை. காலாவதியானவரை என்ன செய்வது என்ற அமைப்பில் இடைநிறுத்துவதைத் தேர்ந்தெடுங்கள், பாடத்தில் இருந்து நீக்குவதை அல்ல. நீக்கினால் குழுவும் புள்ளிகளும் கலைகின்றன. கட்டணம் பத்து நாள் பிந்திய குடும்பத்துப் பிள்ளை திரும்ப வரும்போது தன் வேலையெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், இந்த அமைப்பு மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியம்.

உள்ளே எழுதுவதால் இலவசமாகக் கிடைப்பவை நிறைய. உள்நுழைவு இருக்கிறது, அனுமதி முறை இருக்கிறது, சிலிப் படத்தை வைக்க மூடிலின் கோப்புக் கிடங்கு இருக்கிறது, அட்டவணைகளை ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் அறிவித்தால் நிறுவும்போது தானே உருவாகும். ஒரு இடத்தில் மட்டும் கண்ணை மூடக் கூடாது. சிலிப் படத்தை யார் திறக்கலாம் என்பதைச் சரிபார்க்கும் ஃபங்ஷனை நீங்களே எழுத வேண்டும், அதை அவசரத்தில் எழுதினால் எந்தப் பிள்ளையும் இன்னொரு வீட்டின் வங்கிக் கணக்கு இலக்கத்தைப் பார்க்கலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியதுதான்.

ஆபத்தும் அதே காரணத்தால் வருகிறது. பிளகின் மூடிலின் அதே பிஎச்பி ஓட்டத்துக்குள் ஓடுகிறது. எல்லாப் பக்கத்திலும் அழைக்கப்படும் ஒரு கால்பேக்கில் பிழை இருந்தால் எல்லாப் பக்கமும் விழும், பரீட்சை நடக்கும் பக்கம் உட்பட. அதனால் அப்படியான கால்பேக்குகளை முடிந்தவரை தொடாமல் எழுதுவது நல்லது, சேர்ப்பு வகையைத் தேர்ந்தால் பெரும்பாலும் அவை தேவைப்படாது. இன்னொன்று, பெற்றோருக்கு எஸ்எம்எஸ் அனுப்புவது. சிலிப்பை ஏற்றதும் ஒரு நிகழ்வு எழும், அதைக் கேட்கும் அப்சர்வர் என்ற ஃபங்ஷனில் நேராக எஸ்எம்எஸ் நிறுவனத்தின் ஏபிஐயை அழைத்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அப்சர்வர் அந்தப் பக்கம் ஏறும்போதே ஓடுகிறது என்பதால், எஸ்எம்எஸ் நிறுவனத்தின் ஏபிஐ மெதுவாகப் பதில் சொன்னால் அலுவலகக் கணினியின் திரையும் அதுவரை தொங்கி நிற்கும். அப்சர்வரில் ஒரு அட்ஹொக் டாஸ்க்கை (பிறகு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை) மட்டும் வரிசையில் போட்டுவிட்டு, அனுப்பும் வேலையைப் பின்னணியில் நேரத்துக்கு நேரம் ஓடும் க்ரொன் செய்யட்டும். தோல்வியடைந்தால் மூடிலே சற்று இடைவெளி விட்டுத் திரும்ப முயலும். 4.5இல் இருந்து எஸ்எம்எஸ்ஸுக்கு என்று தனிப் பிளகின் வகையே வந்துவிட்டது. நம் நாட்டு எஸ்எம்எஸ் நிறுவனம் ஒன்றுக்கு அந்த வகையில் சின்னதாக ஒன்று எழுதிவைத்தால் கட்டணப் பிளகினில் இருந்து அந்தக் கவலை முற்றாகப் பிரிந்துவிடும்.

பிளகினை நீக்கும் பொத்தானைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிர்வாகப் பக்கத்தில் நீக்கு என்று அழுத்தினால் அந்தப் பிளகினின் அட்டவணைகளும் சேர்ந்து போகும், கைச் சேர்ப்புக்கு மாற்றிவிடாமல் நீக்கினால் அந்த வழியாகச் சேர்ந்த பிள்ளைகளின் பதிவும் போகும். ஃபோல்டரை மட்டும் எடுத்தால் அட்டவணை இருக்கும், மூடில் அதைக் காணவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அப்டேட்டுக்குப் பிறகு ஏதோ பிழை வந்து பதற்றத்தில் நீக்கு பொத்தானை அழுத்தும் ஆள் நீங்களாக இருக்க மாட்டீர்கள், உங்களுக்குப் பிறகு வந்தவராக இருப்பார். அவருக்கு இதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இனி வெளிச் சேவை. பைத்தனிலோ நோடிலோ, எது கைவருகிறதோ அதில் தனியாக ஒரு செயலி. சிலிப்பும் கட்டணக் கணக்கும் அதன் தரவுத்தளத்தில் இருக்கும், மூடிலோடு அதன் ரெஸ்ட் வெப் சேவை (வெளிச் செயலிகளுக்கு மூடில் திறந்துவைக்கும் ஏபிஐ) வழியாக மட்டும் பேசும். மூடில் அப்டேட் ஆனாலும் இது பெரும்பாலும் அப்படியே ஓடும், ஏனென்றால் வெப் சேவைச் செயற்பாடுகள் உள்ளே இருக்கும் கோட்டைப் போல அடிக்கடி மாறுவதில்லை. இது விழுந்தாலும் பாடங்கள் நடக்கும். பிளகினை நீக்கிக் கணக்கு அழியும் பயமும் இல்லை. டோக்கனுக்கு (வெளிச் சேவை மூடிலுக்குள் வரக் காட்டும் சாவி) என்று தனிப் பயனர், தேவையான இரண்டு மூன்று செயற்பாடுகள் மட்டும், சேர்வரின் ஐபிக்கு மட்டும் அனுமதி என்று பூட்டிவிடலாம். நிர்வாகியின் டோக்கனை அப்படியே கொடுத்துவிட்டால் இந்த நன்மை எதுவும் மிஞ்சாது.

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மூடிலில் இதற்கு இரண்டு மூன்று முடிச்சு இருக்கிறது. முதலாவது உள்நுழைவு. பிள்ளை இன்னொரு தளத்துக்குப் போய் இன்னொரு கடவுச்சொல் போடும் என்று எதிர்பார்க்க முடியாது, பாதிப் பேர் போட மாட்டார்கள், திரும்ப வாட்ஸ்அப்புக்கே போய்விடும். இதற்கு எல்டிஐ 1.3 இருக்கிறது: பாடத்துக்குள் ஒரு வெளிக் கருவியாகச் சேர்த்தால், பிள்ளை அழுத்தியதும் யார் என்ற விபரம் கையொப்பமிட்ட செய்தியாக உங்கள் சேவைக்கு வரும். நல்ல தீர்வுதான். ஆனால் கட்டணம் காலாவதியான பிள்ளை பாடத்துக்குள்ளேயே வர முடியாது, அந்த இணைப்பையும் பார்க்க முடியாது. அதனால் கட்டணத்துக்கு என்று எல்லாரும் எப்போதும் சேர்ந்திருக்கும் தனிப் பாடம் ஒன்றை வைத்து, கருவியை அதற்குள் போட வேண்டும். இரண்டாவது முடிச்சு, வெளியில் இருந்து சேர்க்கும்போது வழக்கமாகக் கைச் சேர்ப்பு வழியைத்தான் பயன்படுத்துவோம். அது ஒரு பாடத்துக்கு ஒன்றுதான். ஆசிரியர் தயவில் முடிவுத் தேதி இல்லாமல் சேர்த்த பிள்ளைக்கு உங்கள் சேவை வந்து மாதக் கடைசியைத் தேதியாக எழுதிவிடும், அந்தப் பிள்ளை முதலாம் திகதி வெளியே நிற்கும். ஏன் என்று யாருக்கும் விளங்காது. மூன்றாவது, மூடில் தன்னுள் நடப்பதை வெளியே தானாக அறிவிப்பதில்லை, அப்படி அறிவிக்கும் வெப்ஹூக் வசதி அடிப்படை நிறுவலில் கிடையாது. உள்ளே நடப்பதை உடனே அறிய வேண்டுமென்றால் கடைசியில் ஒரு சின்னப் பிளகின் எழுதத்தான் வேண்டும்.

அப்புறம் இடம். பகிர்ந்த சீபனல் ஹோஸ்டிங்கில் மூடிலை வைத்திருப்பவர்களுக்கு எப்போதும் ஓடும் சேவை ஒன்றை வைக்க வசதி பெரும்பாலும் கிடையாது, செயலிகளைப் பொதியாக ஓட்டும் டொக்கர் பற்றிப் பேசவே வேண்டாம். விபிஎஸ் (தனி மெய்நிகர் சேர்வர்) எடுக்க வேண்டும், அதைக் கவனிக்கவும் ஆள் வேண்டும். இரண்டு இடத்தில் பேக்கப், இரண்டு இடத்தில் பாதுகாப்புத் திருத்தம்.

மற்றச் செயலிகளில் இந்தத் தராசு வேறு பக்கம் சாய்கிறது. குழு உரையாடலுக்கான மேட்டர்மோஸ்டில் சேர்வர் பக்கப் பிளகின் கோ மொழியில் எழுதிய தனிச் செயலாக ஓடுகிறது, அது விழுந்தால் சேர்வர் விழாது. அங்கே உள்ளே எழுதப் பயப்படத் தேவையில்லை. கோப்புப் பகிர்வுக்கான நெக்ஸ்ட்கிளவுடில் ஒவ்வொரு ஆப்பும் எந்தப் பதிப்பு வரை பொருந்தும் என்று அறிவிக்க வேண்டும், பெரிய பதிப்புகள் வருடத்துக்கு ஏறத்தாழ மூன்று, நீங்கள் அறிவிப்பைப் புதுப்பிக்காவிட்டால் அப்டேட்டில் ஆப் முடக்கப்பட்டுவிடும். சின்னக் குழுவுக்கு அந்த ஓட்டம் களைப்பு, அங்கே நான் வெளிச் சேவையையே பார்ப்பேன். வேர்ட்பிரஸ் பழைய கோட்டை உடைக்காமல் இருக்க மிகவும் பாடுபடுகிறது, 5.2இல் இருந்து பிளகின் பிழையால் தளம் விழுந்தாலும் மீட்பு நிலையில் உள்ளே போகலாம். ஆகவே ஒன்றில் கற்றதை இன்னொன்றுக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, எந்த வழியை எடுத்தாலும் கொழும்பில் மூன்று மொழி வேண்டும். மூடில் பிளகினில் ஆங்கிலக் கோப்பு கட்டாயம், பக்கத்திலேயே தமிழுக்கும் சிங்களத்துக்கும் கோப்பு வைக்கலாம், மொழிப்பொதி நிறுவியிருந்தால் தானே எடுக்கும். வெளிச் சேவையில் இதையெல்லாம் நீங்களே கட்ட வேண்டும். பற்றுச்சீட்டைப் பிடிஎஃப்பாகக் கொடுக்க நினைத்தால் கவனம்: மூடிலோடு வரும், பிடிஎஃப் உருவாக்கும் டிசிபிடிஎஃப் நிரல் தமிழ் எழுத்தைக் கோர்க்காது, ‘கொ’ என்று எழுதினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். பெற்றோர் கையில் கொடுக்கும் தாளில் பிள்ளையின் பெயர் உடைந்து வருவது மரியாதை இல்லை. அதே வேலைக்கான இன்னொரு நிரலான எம்பிடிஎஃப்பில் ஓபன்டைப் கோர்வையை (எழுத்துருவின் விதிப்படி எழுத்தைக் கோர்ப்பது) இயக்கினால் சரியாக வரும், அதைப் பிளகினுக்குள் சேர்த்துக் கட்டலாம். அல்லது பிடிஎஃப்பே இல்லாமல் அச்சிடக்கூடிய பக்கமாகக் கொடுங்கள், பிரவுசர் தமிழை ஒழுங்காகக் கோர்க்கும். கோப்புப் பெயரைச் சுத்தம் செய்யும்போது எழுத்தை மட்டும் வைத்துக் குறிகளை நீக்கும் ரெஜெக்ஸ் (எழுத்துகளைத் தேடி மாற்றும் விதி) போட்டால் விசிறியும் கொம்பும் புள்ளியும் போய் ‘கோப்பு’ என்பது ‘கபப’ ஆகிவிடும். எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலம் என்றால் ஒன்றுக்கு 160 எழுத்து, தமிழோ சிங்களமோ என்றால் 70, அதிலும் உயிர்மெய்க் குறி தனியாக எண்ணப்படும். தமிழில்தான் அனுப்ப வேண்டும் என்பது என் எண்ணம், அதற்கு வாக்கியத்தைச் சுருக்கமாக எழுதிவையுங்கள்: பெயர், பாடம், எந்த மாதம் வரை, போதும்.

அப்படியானால் எது? மூடில் ஒன்று மட்டும் இருக்கிறது, பகிர்ந்த ஹோஸ்டிங், எழுதியவர் நிரந்தரமாக இருக்கப்போவதில்லை என்றால், சேர்ப்பு வகையில் சின்னப் பிளகின். தயங்காமல் அதுதான். சிலிப்பை ஏற்பது, முடிவுத் தேதியை நகர்த்துவது, டாஸ்க்கை வரிசையில் போடுவது, இதற்கு மேல் அதில் எதையும் திணிக்க வேண்டாம். அறிக்கை, வருமானக் கணக்கு, ஆசிரியருக்குப் பங்கு பிரிப்பது எல்லாம் வேண்டுமென்றால் அட்டவணையை சிஎஸ்வியாக இறக்கி எக்செலில் செய்யட்டும். இரண்டு மூன்று கிளை, வேர்ட்பிரஸ் தளம் ஒன்று, மூடில் ஒன்று, நேரடி வகுப்புக்கும் ஒரே கட்டணம் என்று வந்துவிட்டால் கணக்கு மூடிலுக்குச் சொந்தமானது அல்ல. அப்போது வெளிச் சேவைதான் சரி. ஆனால் அப்போதும் மூடிலுக்குள் ஒரு மெல்லிய சேர்ப்புப் பிளகினை வைத்து, அதற்கென்று ஒரு வெப் சேவைச் செயற்பாட்டைத் திறந்து, வெளிச் சேவை அதனோடு மட்டும் பேசட்டும். கைச் சேர்ப்பில் தேதி மோதுகிற சிக்கல் அதோடு தீரும்.

4.5இல் இருப்பவர்களுக்கு அவசரம் இல்லை, அது நீண்டகால ஆதரவுப் பதிப்பு, பாதுகாப்புத் திருத்தம் 2027 ஒக்டோபர் வரை வரும். அதற்குள் அடுத்த பதிப்பின் பிரதி ஒன்றில் பிளகினைப் போட்டுப் பாருங்கள்: சிலிப் ஏற்றல், காலாவதி, இடைநிறுத்திய பிள்ளை திரும்ப வருதல். பிரதி எடுத்ததும் முதல் வேலையாக மூடிலின் கொன்ஃபிக் கோப்பில் மின்னஞ்சல் போவதைத் தடுக்கும் அமைப்பை இயக்குங்கள். எஸ்எம்எஸ்ஸுக்கு அந்த அமைப்பு உதவாது, உங்கள் பிளகினிலேயே ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சோதனைத் தளத்தில் இருந்து உண்மைப் பெற்றோருக்குக் கட்டணம் காலாவதி என்று செய்தி போகும்.